இரண்டு மாடிகளுக்கு நடுவே

பிப்ரவரி 4

குட்டியின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. குட்டி பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தே நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கண்டுபிடித்துவிடுகிறாள். ஏழு வயதுக்கு அது அதிகம். ஞாயிறுதோறும் போன் அவளுக்கு மட்டும் இருக்கட்டும். நமக்குள் உள்ளதைத் தாளில் வைத்துக்கொள்வோம். எழுதும்போது கத்த முடியாது. கத்தினாலும் பத்து நாள் கழித்துத்தான் கேட்கும்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. அக்கா மாடி அறையைக் கொடுத்திருக்கிறாள். முதல் நாளே கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். அக்கா பார்த்துவிட்டு, "என்னடி இது, சேலையை இப்படிச் சதுரமா பொட்டலம் கட்டியிருக்க?" என்று சிரித்தாள். அங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாலு வருடம் விரிப்பு மடித்த கை. மூலைக்கு மூலை சரியாக வராவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. நானும் சிரித்தேன். பிறகு மாடிக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

நான் ஏன் கிளம்பினேன் என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை. அந்த மூடுபனி நாளை மறுபடி சொல்கிறேன். வேலை முடிந்து வெளியே வந்தேன். வீடு எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. ஊரில் பத்து வருடம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவளுக்குத் திசை மறந்துவிட்டது. நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது பஸ் வந்து போனது. ஒவ்வொன்றும் பனிக்குள்ளிருந்து விளக்காக வந்து, விளக்காகவே கரைந்தது. எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் பயம். நீங்கள் தேடி வந்து, "பஸ் தெரியலைன்னா ஒரு போன் பண்ண வேண்டியதுதானே?" என்றீர்கள். எனக்குப் பஸ் தெரிந்தது. இறங்கிப் போய் நான் யாராக இருக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

விமான நிலையத்தில் நீங்கள் சொன்னது காதிலேயே இருக்கிறது. "நீ போய்ப் பாரு. நான் தோத்துட்டு வர்ற ஆளு இல்ல." அப்புறம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கைகூடக் காட்டாமல் நின்றீர்கள்.

அங்கே நம் வாடகை வீட்டு ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள் அங்கேயா இங்கேயா என்று முடிவு செய்வோம். பேச்சு மாற மாட்டேன்.

குட்டியின் அம்மா


பிப்ரவரி 17

டீச்சருக்கு,

கை காட்டாததற்குக் காரணம் கேட்கிறாய். கடைசி நிமிடத்தில் "அங்க இது எதுக்கு?" என்று உன் கம்பளிக் கோட்டையும் குட்டியின் தொப்பியையும் கழற்றி என்னிடம் கொடுத்தாய். இரண்டு கையும் நிறைந்திருந்தது. இப்படி ஒரு காரணம் சொல்லலாம். கையைத் தூக்கினால் உடைந்துவிடுவேன் என்று இருந்தது. இது இன்னொரு காரணம். உனக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்.

தோற்பதைப் பற்றி நான் சொன்னது வாய் தவறிச் சொன்னதல்ல. ஊரில் கம்பெனியை மூடியபோது எல்லாரும் என்ன சொன்னார்கள்? "உனக்கென்னப்பா, கையில தொழில் இருக்கு, எங்க போனாலும் ராஜா." பன்னிரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக். இங்கே அந்தச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதே லிஃப்டின் தரையைத் துடைக்கிறேன். இந்தக் கோலத்தில் வந்து உன் அக்கா வீட்டுக்காரர் முன்னால் உட்காரச் சொல்கிறாயா?

ஆஸ்பத்திரிப் பின்கட்டு லிஃப்ட் சரியில்லை. நிற்கும்போது பிரேக் இழுக்கிறது. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது ஆள் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம். சிடுமூஞ்சியிடம் சொன்னேன். (புது மேற்பார்வையாளனுக்கு நான் வைத்த பெயர். கடுகடுப்பில் பழையவருக்கே அண்ணன்.) "தரையைப் பாரு. மேல பாக்க வேற ஆள் இருக்காங்க" என்றான். தரையைப் பார்க்கிறேன். காது மட்டும் மேலேயே இருக்கிறது.

விடியும் நேரத்தில் ஒரே கனவு. லிஃப்டுக்குள் நிற்கிறேன். நாலாவது மாடிப் பொத்தானை அழுத்துகிறேன். கதவு திறந்தால் வார்டு இல்லை. வெயில். ஒரு கொடியில் துணி காய்கிறது. நடுவில் குட்டி நிற்கிறாள். நான் காலை எடுத்து வைப்பதற்குள் கதவு மூடிக்கொள்கிறது. பொத்தானை மறுபடி அழுத்தினால் அது நாலாவது மாடிதான்.

சாப்பிடுகிறேன். உப்பு மட்டும் பிடிபடவில்லை.

நான்


மார்ச் 2

குட்டியின் அப்பாவுக்கு,

இரண்டாவது காரணத்தை எடுத்துக்கொண்டேன். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு சேதி. பழைய பள்ளிக்கூடத்துக்குச் சும்மா பார்க்கப் போனேன். தலைமையாசிரியை அம்மா என்னை நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லை. "நல்ல நேரத்துல வந்தே. பூகோள டீச்சர் பிரசவ விடுப்புல போயிருக்கா. ஏழாம் வகுப்பு மூணு வாரமா தலையில்லாம கிடக்கு. நாளைக்கு வா" என்றார். போனேன். சாக்கட்டியைக் கையில் எடுத்தேன். பலகையில் ஒரு நதியை வரைந்தேன். மலையில் தொடங்கி, வளைந்து, கிளை பிரிந்து, கடலில் சேருகிற வரை கையை எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நாற்பது பிள்ளைகளும் அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதியை நான் நாலு வருடமாகக் கேட்கவில்லை. சலவைக்கூடத்தில் யந்திரம் நின்றால்கூடக் காதுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எல்லாம் தேன் என்று நினைத்துவிட வேண்டாம். அக்கா எங்களுக்குப் புதுத் தட்டு எடுத்து வைக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போனால், "நீ உக்காரு, நான் தர்றேன்" என்கிறாள். நான் பிறந்து வளர்ந்த ஊரில் தண்ணீர்ப் பானையிடம் போகவே தடுக்கிறார்கள். நேற்று குட்டி கேட்டாள். "அம்மா, நாம இங்க எத்தனை நாள் விருந்தாளி?"

மதியத்தில் அவள் தூங்கும்போது அந்த ஊர் பாஷையில் பேசுகிறாள். வேகமாக, சிரித்துக்கொண்டே, யாருடனோ விளையாடுகிறாள். எனக்குப் பாதிதான் புரிகிறது. என் வயிற்றில் பிறந்தவள் போகிற கனவுக்குள் எனக்கு அனுமதிச்சீட்டு இல்லை.

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள். எனக்கு இரண்டு கரையும் மூடுபனியாகத்தான் தெரிகிறது. உப்பைக் கடைசியில் போடுங்கள், கொதிக்கும்போது அல்ல.

குட்டியின் அம்மா


மார்ச் 15

டீச்சருக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. பின்கட்டு லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு நர்ஸ், சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மா. அந்த அம்மாவுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய். கதவிடுக்கு வழியாக நர்ஸ் கத்தினாள். "சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்துடுச்சு. இருபது நிமிஷம்கூடத் தாங்காது!" லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். தீயணைப்பு வண்டியும் கிளம்பிவிட்டதாம், பாதையெல்லாம் பனி.

சிடுமூஞ்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மோட்டார் ரூம் சாவி குடுங்க" என்றேன். "உனக்கு அனுமதி இல்ல" என்றான். காவல்காரப் பெரியவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி என் கையில் வைத்தார்.

மேலே ஏறினேன். கிரீஸ் வாசனை. டீச்சர், நாலு வருடத்துக்குப் பிறகு அந்த வாசனை! மின்சாரத்தை நிறுத்தினேன். காவல்காரரைப் பிரேக் நெம்புகோலைப் பிடிக்கச் சொன்னேன். "நான் சொன்னா விடுங்க, சொன்னா பிடிங்க." சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரை அங்குலம், பிடி. அரை அங்குலம், பிடி. அந்த நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் எல்லாம் மெதுவாக இருந்தது. உன் முகம் வந்தது, குட்டி வந்தாள், என் கைக்குக் கீழே அந்தக் கூண்டின் பாரம் ஒரு குழந்தையைப்போல் இறங்கிக்கொண்டிருந்தது. கூண்டு மாடிக்கு நேராக வந்ததைக் காட்ட இரும்புக் கயிற்றில் பெயிண்டால் போட்டிருந்த குறி சரியாக வந்ததும் நிறுத்தினேன். கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பதினாறு நிமிடம் என்று பிறகு சொன்னார்கள்.

அந்த அம்மா வெளியே வரும்போது என் கையைப் பிடித்தார். என் கையெல்லாம் கிரீஸ். அவர் விடவில்லை.

அனுமதி இல்லாமல் யந்திரத்தைத் தொட்டதற்கு சிடுமூஞ்சி என்னை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டான். விசாரணையாம். இருக்கட்டும். வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையை இன்னும் சரியாகக் கழுவவில்லை.

நான்


மார்ச் 29

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். நடுவில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "அப்புறம்? முள்ளு சிவப்புக்கு வந்துச்சு, அப்புறம்?" இவர் முன்னால்தான் உட்கார மாட்டேன் என்றீர்கள்.

பெருமையாக இருந்தது. கோபமும் வந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றியவனுக்கு வீட்டில் இரு என்று உத்தரவு போடுகிற ஊரில் இன்னும் யாருக்கு என்ன நிரூபிக்க வேண்டும்? வந்துவிடுங்களேன். இங்கே உங்கள் காதை யாரும் தரையைப் பார்க்கச் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டேன். வற்புறுத்தவில்லை.

குட்டியை என் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறேன். அவள் பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம், ழகரம் வரவில்லை என்று. நேற்று சாப்பாட்டு நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்தேன். தனியாக உட்கார்ந்து மண்ணில் குச்சியால் எதையோ கீறிக்கொண்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் அந்த ஊரில் நம் தெரு. வளைவு, பூங்கா, அவள் தோழி வீடு, எல்லாம் அளவு தவறாமல் இருந்தது. பூகோள டீச்சர் மகள்தான், சந்தேகமில்லை. எனக்குத்தான் பாராட்ட வாய் வரவில்லை.

பள்ளியில் வேலை ஓடுகிறது. விடுப்புக்கால வேலைதானே, ஓடும் வரை ஓடட்டும்.

விசாரணை என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 12

டீச்சருக்கு,

விசாரணை முடிந்தது. வேலைக்குத் திரும்பிவிட்டேன். சொல்லும்படி வேறொன்றும் இல்லை.

பனி விலகுகிறது. காலையில் தெரு ஈரமாக, யாரோ இப்போதுதான் கழுவி வைத்ததுபோல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். நீ உட்கார்ந்திருந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது பஸ்ஸை விட்டேன். ஐந்தாவது பஸ் வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கால்தான் குளிர்ந்தது. ஆறாவது பஸ்ஸின் கதவு திறந்தபோது ஓட்டுநர் என்னைப் பார்த்தார். ஏறுகிறாயா என்று கேட்கவில்லை, பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டார். அப்போது புரிந்தது. அன்று உன்னிடம் போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்டவன் முட்டாள். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

குட்டி மண்ணில் கீறிய தெருவைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். அவள் தோழி நேற்று பூங்காவில் என்னைப் பார்த்து, "எப்ப வருவா?" என்று கேட்டாள். தோளைக் குலுக்கினேன். இங்கே பதில் தெரியாவிட்டால் அப்படித்தான் செய்வார்கள், எனக்கும் பழகிவிட்டது.

இந்த முறை சின்னக் கடிதம். படிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

நான்


ஏப்ரல் 26

குட்டியின் அப்பாவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் ஒரு முழு லிஃப்டையே மறைத்திருக்கிறீர்கள்.

சலவைக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரி போன் செய்தாள். எடுத்தவுடன் "வாழ்த்துகள்!" என்றாள். எதற்கு என்று கேட்டேன். அவளுக்கு ஆச்சரியம். "உனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர் இப்ப நீலச் சட்டை போட்டுக்கிட்டு மோட்டார் ரூமுக்குப் போறாரு. லிஃப்ட் கம்பெனியில எடுத்துக்கிட்டாங்க. பரீட்சை பாஸ் பண்ணினா நிரந்தரம்." நாலு வருடம் நீங்கள் தவம் கிடந்த வேலை. "படிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்களைத் திட்ட இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். ஏனென்றால் என் கைப்பையிலும் ஒரு காகிதம் மூன்று வாரமாக இருக்கிறது. விடுப்பில் போன டீச்சர் திரும்ப வரப்போவதில்லை. அந்த இடம் எனக்கு. நிரந்தரம். மே கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். "ஓடும் வரை ஓடட்டும்" என்று எழுதியபோது அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னால் நீங்கள் உங்கள் ஆசையை விட்டுவிடுவீர்கள் என்று சொல்லவில்லை. நீங்களும் அதற்காகத்தானே? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இழுக்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். நல்ல ஜோடி.

சரி, நான் சொல்கிறேன். நாங்கள் வருகிறோம். நீங்கள் நாலு வருடம் துடைத்ததற்கு அர்த்தம் வந்திருக்கிறது. பலகையில் நதி வரைந்தாயிற்று. கைக்கு இன்னும் மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன், அது போதும் என்று வைத்துக்கொள்கிறேன். குட்டியிடம், "அப்பாகிட்ட போகலாமா?" என்று கேட்டேன். அவள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். மூன்று மாதத்தில் அவள் குதித்து நான் பார்க்கவில்லை.

தேதி குறித்து எழுதுங்கள்.

குட்டியின் அம்மா


மே 9

டீச்சருக்கு,

கையெழுத்துப் போடு. வராதே. நான் வருகிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. உட்கார்ந்து வாசி.

விசாரணைக்கு லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக் வந்தார். நெட்டையான ஆள், அதிகம் பேச மாட்டார். மோட்டார் அறைக்குப் போனார், சக்கரத்தைப் பார்த்தார், கீழே வந்தார். "கூண்டு தரைக்குச் சமமா நின்னிருக்கு. ஒரு நூல்கூட மேலே கீழே இல்ல. யாரு செஞ்சது?" சிடுமூஞ்சி என்னைக் காட்டினான், குற்றவாளியைக் காட்டுவதுபோல். அவர் என் கையைப் பார்த்தார். "எத்தனை வருஷம்?" என்றார். "பன்னிரண்டு" என்றேன். "இங்க இல்லையே?" "இல்ல. எங்க ஊர்ல." "லிஃப்டுக்கு ஊர் ஏது?" என்றார். டீச்சர், அவ்வளவுதான் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதிலிருந்து அவர்களோடுதான் வேலை. சென்ற வாரம் பரீட்சையும் எழுதினேன். தேறிவிட்டேன். அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். சந்தோஷம் வந்தது, உட்கார்ந்தது, கொஞ்ச நேரம் பேசியது. அப்புறம் எழுந்து போய்விட்டது. வீடு காலியாக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது. எனக்கு இந்த ஊரில் இருக்க வேண்டும் என்ற ஆசை இல்லை. இந்த ஊர் என்னை இரு என்று ஒரு தடவை சொல்ல வேண்டும் என்ற ஆசைதான். சொல்லிவிட்டது. இருக்கச் சொன்ன வீட்டிலிருந்து கிளம்புவது வேறு, துரத்திய வீட்டிலிருந்து கிளம்புவது வேறு.

ஊருக்குத் திரும்புகிறேன் என்று நெட்டையரிடம் சொன்னேன். "பைத்தியமா உனக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பொண்டாட்டி என்ன வேலை?" என்று கேட்டார். டீச்சர் என்றேன். "இங்க என்ன செஞ்சாங்க?" விரிப்பு மடித்தாள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கேயும் லிஃப்ட் இருக்கிறது, அதன் சத்தம் என் காதுக்குப் பழக்கம்.

நீ நாலு வருடம் எனக்காக உன்னையே மறந்துபோனாய். அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இதுதான் நான் எழுதிய கடிதங்களிலேயே கஷ்டமான வரி.

குட்டியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை உன்னிடம் விடுவது கோழைத்தனம். போனில் நானே சொல்கிறேன்.

ஜூன் 30 வீட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் கிளம்புகிறேன்.

நான்


மே 22

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் போன் முடிந்ததும் குட்டி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அப்ப என் தோழியை இனிமே பாக்கவே முடியாதா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "தெரியலடா" என்றேன். என் மடியில் முகத்தைப் புதைத்து அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னாள். கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும். தட்டிக்கொடுத்தேன். நமக்கு வீடு கிடைக்கிறபோது அவளுக்கு வீடு போகிறது. இந்தக் கடன் நம் தலையில்தான். எத்தனை வருடம் ஆனாலும் அவள் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்ல வேண்டும், இரண்டு பேரும்.

நேற்று கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை அம்மா, "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார். வருகிறார் என்றேன். வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. மைதானத்தைச் சுற்றாமல் நடுவே நடந்தேன், மெதுவாக. எந்தப் பக்கம் போகிறேன் என்று தெரிந்தே நடந்தேன்.

பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். சின்னது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். இடிக்கட்டும். அக்கா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், இந்த வீடு என்ன கடித்ததா என்று. ஆனால் நேற்றிலிருந்து தண்ணீரை நானே எடுத்துக் குடிக்கிறேன், தடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் தெரு முழுக்க லிஃப்ட் கதையைச் சொல்லிவிட்டார். அவர் சொல்லும்போது சிலிண்டரில் இரண்டு நிமிடம்தான் பாக்கி.

நற்சான்றுக் கடிதத்தைப் பெட்டியில் அடியில் வையுங்கள். விமான நிலையத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டாம். எங்களிடம் எதையும் காட்ட வேண்டாம். ஜெயித்தவராகவும் வர வேண்டாம், தோற்றவராகவும் வர வேண்டாம். பசியோடு வாங்க, போதும்.

உங்கள் டீச்சர்